பொதுப் பிடி

அந்தக் கார்த்திகை மழையில் சாத்தூரில் கண்ணாடி டம்ளர்கள் கொஞ்சம் அதிகமாகவே உடைந்தன.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் டம்ளர் உடைவது ஊர் உலகத்தில் நடக்காத சங்கதியா? ஆனால் உடைத்தவர்கள் எல்லாரும் இயந்திரக் கை வைத்தவர்கள். பட்டாசு வெடிவிபத்துகளில் சொந்தக் கையைப் பறிகொடுத்து, பைபாஸ் ரோட்டில் இருக்கும் 'கரங்கள்' மையத்தில் புதுக் கை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். அச்சாபீசில் வேலை பார்க்கும் பெத்துராசு இதைச் சொல்வதற்காகவே ஒரு நாள் மையத்துக்கு வந்தார்.

"கல்யாணமான புதுசுல எம் பொண்டாட்டி கையத் தொட்டா வெடுக்குன்னு இழுத்துக்கிருவா. இந்தக் கையும் அப்படித்தான் பண்ணுது சார். சூடா டீயத் தொட்டா வெக்கப்படுது" என்றார்.

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மாரீஸ்வரனும் சிரித்தான். மழை ஈரம் சென்சாருக்குள் இறங்கியிருக்கும் என்று சொல்லி, உள்ளங்கையைத் துடைத்துச் சூடான காற்று ஊதி அனுப்பிவைத்தான். அதற்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கும் அதே வைத்தியம்தான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்து அவன் பின்னால் பலமுறை கூசிப்போனான்.

மாரீஸ்வரன் மையத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர். கெட்டிக்காரன்தான். ஆனால் ஒழுங்கு என்கிற பித்து கொஞ்சம் உண்டு. ஒரே சாமான் வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்றை யாருக்காவது தூக்கிக் கொடுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். வீட்டில் இரண்டாக இருந்து அவர் இன்னும் தானம் பண்ணாதது எங்கள் பிள்ளைகளை மட்டும்தான் என்று அவன் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

கையில் இருப்பது மோட்டாரும் சென்சாரும்தான். யோசிக்கிற வேலை முழுக்க மையத்தின் சர்வரில் நடக்கும். ஒவ்வொரு ஆளின் கைக்கும் அங்கே ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ கணினி மொழிகள் வந்தன, ஆடின, அடங்கின. ஜாவா மட்டும் சாக மறுத்துவிட்டது. இந்தக் கைகளும் ஜாவாவில்தான் ஓடின. ஒவ்வொரு செயலியையும் ஒரு பொட்டலமாகக் கட்டி சர்வரில் ஏற்றுவார்கள். பொட்டலத்துக்குள் அந்த ஆளுக்கென்றே எழுதிய பகுதி ஒரு கைப்பிடிதான் இருக்கும். மீதி எல்லாம் லைப்ரரிகள். எல்லாக் கைக்கும் தேவைப்படும் பொதுச் சரக்கு. அவற்றில் பெரியதற்குப் 'பிடி' என்று பெயர். எந்தப் பொருளை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது, எப்போது விடுவது என்று விரல்களுக்குச் சொல்வது அதுதான்.

நூற்றுச்சொச்சம் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு 'பிடி'. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பதிப்பு எண். கல்யாணத்துக்கு ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு சமையல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏறியதைப்போல சர்வர் திணறியது. இன்னொரு பக்கம், நாற்பது பேர் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கான கைகள் வந்து அலமாரியில் அட்டைப்பெட்டிகளில் தூங்கின. சர்வரில் இடம்தான் இல்லை. புது சர்வர் அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. காத்திருப்பவர்கள் வாரம் தவறாமல் வந்து, முழங்கைக்குக் கீழே மொட்டையாக நிற்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க மாரீஸ்வரனால் முடியவில்லை.

அதனால் தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தான். எல்லாப் பொட்டலத்திலிருந்தும் 'பிடி'யை உருவினான். ஒன்றே ஒன்றைப் பொது ஃபோல்டரில் வைத்தான். இனி எல்லாக் கைகளும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொள்ளும். ஜாவாக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான் இது. தப்பான வித்தையும் இல்லை. சர்வர் மூச்சு விட்டது. நாற்பது பேருக்கும் கை கிடைத்தது. மையத்தில் கேசரி கிண்டினார்கள். கை வந்த ஒரு பெரியவர் தன் புதுக் கையாலேயே மாரீஸ்வரனின் வாயில் ஒரு கரண்டி கேசரி ஊட்டிவிட்டார்.

எந்தப் 'பிடி'யை வைத்துக்கொள்வது என்பதில் மட்டும் அவன் ஒரு கணம் தயங்கியிருந்தான். பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், சில கோப்புகளின் அளவு துளித்துளி வித்தியாசப்பட்டது. பொட்டலம் கட்டுகிற நேரத்தைப் பொறுத்து அப்படி வருவது உண்டு என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. தேதியில் புதியதாக இருந்ததை எடுத்து வைத்தான். புதியது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்பது எஞ்சினியர்களின் மூடநம்பிக்கை.

காளீஸ்வரி மையத்துக்கு வந்தது மழை வெறித்து வெயில் அடித்த ஒரு காலையில். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு, திரி வெட்டும் இடத்தில் நடந்த விபத்தில் இரண்டு கையும் போனவள். கை இல்லாதவளையா கட்டப்போகிறாய் என்று லாரி ஓட்டும் முனீஸின் தாய் ஒரு வருஷம் மகனோடு பேசாமல் இருந்ததும், பிறகு பேரப்பிள்ளையை இவள் இந்தக் கைகளால் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் அழகைப் பார்த்து மனசு மாறியதும் மையத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கு அவள் வந்தபோது கைகள் அவள் உடம்பில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுக் கழற்றி, துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, இதை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்குக் கொடுப்பினை இல்ல" என்றாள் சகாயராணியிடம்.

சகாயராணி புதுக் கைகளைப் பழக்கிக் கொடுக்கும் பயிற்சியாளர். மையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர். அவர் காளீஸ்வரியை உட்காரவைத்து, மெல்ல மெல்ல விஷயத்தை வாங்கினார். பக்கத்து அறையில் இருந்த மாரீஸ்வரனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். எட்டு மாசப் பிள்ளை. மத்தியானத்தில் காய்ச்சல் ஏற ஆரம்பித்தது. இறக்கிவிட்டால் அழுகிறானே என்று தோளில் சாய்த்து, முதுகையும் தொடையையும் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். பிள்ளை சிமெண்டுத் தரையில் விழுந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது. நெற்றியில் அடி. ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. இப்போது பரவாயில்லை. ஆனால் மாமியார் பிள்ளையைத் தொடவிடுவதில்லை. பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் அவரே தூக்கி வந்து இவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் காளீஸ்வரி கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கை விட்டுருச்சுக்கா" என்றவள் உடனே திருத்திக்கொண்டாள். "கை என்ன செய்யும், நான்தான் விட்டுட்டேன். ரெண்டு ராத்திரி தூங்கல. கண்ணு அசந்திருக்கும் போல. பெத்த பிள்ளையக் கீழ போட்டவளுக்குக் கை எதுக்கு?"

கையைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று தேற்றி சகாயராணி அவளை அனுப்பிவைத்தார். துணிப்பை மாரீஸ்வரனின் மேசைக்கு வந்தது.

சர்வரில் கையின் ஒவ்வொரு அசைவும் பதிவாகும். அந்த மத்தியானத்தின் பதிவை எடுத்துப் படித்தான். அவள் தோள் சரியவில்லை. நடையில் தள்ளாட்டம் இல்லை. கண் அசந்த மனுஷியின் உடம்பு இப்படி இருக்காது. உள்ளங்கையில் சூடு, உடம்புச் சூட்டைத் தாண்டி ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் விரல்களை விரி என்ற கட்டளை இருந்தது. கை தவறவில்லை. விடச் சொன்னார்கள், விட்டது.

அவன் சகாயராணியைக் கூப்பிட்டான்.

"அக்கா, சூடு ஏறினா விரல் விரியணும்னு பிடியில எங்கயாச்சும் இருக்கா?"

"கருத்தபாண்டி கையில மட்டும் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நான்தான் போட்டுக் குடுத்தேன். ஏன் மாரீசு?"

கருத்தபாண்டி, சொல்லச் சொல்லக் கேட்காமல் மறுபடியும் மருந்து கலக்கும் வேலைக்கே போனவர். மழை நாளில் வெடிமருந்துக் கலவையில் ஈரம் பட்டால் அது தன்னால் சூடேறும். சூடேறுவது தெரிந்த உடனே போட்டுவிட்டு ஓடினால் உயிர் தப்பலாம். முதல் கையை அவர் பறிகொடுத்ததே போடத் தாமதித்ததால்தான். அதனால் கையில் உள்ள பொருள் உடம்புச் சூட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அவர் யோசிக்கிறதற்குள் கை அதை விட்டுவிட வேண்டும் என்று சகாயராணி அவருடைய 'பிடி'க்குள் நாலு வரி சேர்த்திருந்தார். தேதியில் புதியது அதுதான்.

"உள்ளே மாத்துனீங்கள்ல. பதிப்பு எண்ணை ஏன்க்கா மாத்தல?"

"எண்ணை மாத்துனா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும். அவங்க சோதிச்சு ஒப்புதல் தர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தாளு சோத்துக்கு என்ன பண்ணுவாரு? உனக்கு முன்னால இருந்த எஞ்சினியர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அவங்கவங்க பொட்டலத்துக்குள்ள அவங்கவங்க பிடி பத்திரமா இருக்கு. உள்ள வேணும்னா தொடு, எண்ணைத் தொடாதேன்னு. இத்தனை வருஷமா அப்படித்தான நடக்குது."

அவர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். பெத்துராசுக்குத் தாள் கசங்காமல் எடுக்கிற மாதிரி. தீப்பெட்டி ஒட்டுகிற ஒருத்திக்குப் பசை விரலில் இழுத்தால் பதறாத மாதிரி. கடைசியில் மாரீஸ்வரனே கேட்டான்.

"காளீஸ்வரிக்கு?"

"அவளுக்குப் பிள்ளை பொறந்ததும் மாத்திக் குடுத்தேன். பிள்ளை திமிறுனா இறுக்கக் கூடாது. ஆனா எது நடந்தாலும் விடக் கூடாது. கையே தீஞ்சாலும் விடக் கூடாதுன்னு போட்டிருக்கேன். அவ கேட்டது அது ஒண்ணுதான்."

மாரீஸ்வரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நான் அதை எடுத்துட்டேன்க்கா. எல்லாத்தையும் எடுத்துட்டு, கருத்தபாண்டியோடதை எல்லாருக்கும் வச்சிட்டேன்."

சகாயராணிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணை மாற்றாமல் விட்டது தன் தப்பும்தான் என்றார். அவன் அதை ஏற்கவில்லை. அளவு வித்தியாசமாக இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததையும், பார்த்துவிட்டுக் கடந்துபோனதையும் சொன்னான். டீ டம்ளரைப் பற்றி மூன்று பேர் வந்து சொன்னபோது அவர்கள் கையைத் துடைத்து அனுப்பியதையும் சொன்னான். அன்றே பார்த்திருந்தால் இந்தப் பிள்ளை விழுந்திருக்காது.

சரிசெய்வது சுலபமாக இருந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. பழைய பொட்டலங்களை அவன் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தான். அந்தச் சர்வரில் ஓடும் ஜாவாச் செயலி எதையும் முதலில் தன் பொட்டலத்துக்குள்தான் தேடும். அங்கே இருந்தால் தன்னுடையதைப் பயன்படுத்தும். இல்லாவிட்டால்தான் பொது ஃபோல்டருக்குப் போகும். எனவே சகாயராணி கைவைத்த 'பிடி'களை மட்டும் அந்தந்தப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தான். பொது ஃபோல்டரில் இருந்த கருத்தபாண்டியுடையதைத் தூக்கிவிட்டுத் தலைமை அலுவலகம் தந்த மூலத்தை வைத்தான். புதிதாகக் கை வாங்கிய நாற்பது பேருக்கும் இடைஞ்சல் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை.

காளீஸ்வரியின் கைகளைக் கடைசியாகச் சோதித்தான். மேசைமேல் நீட்டி வைத்து, வெந்நீர்ப் பையை விரல்களுக்கு நடுவே கொடுத்தான். மூடின. இன்னும் சூடான பையை மாற்றிக் கொடுத்தான். விடவில்லை. கொஞ்சம் இழுத்துப் பார்த்தான். அப்போதும் விடவில்லை. சகாயராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து அறிக்கை எழுத வேண்டும். கையால் யாருக்காவது காயம் என்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. விசாரணை முடியும்வரை அந்தக் கையை நிறுத்தியும் வைப்பார்கள். மாரீஸ்வரன் தயங்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தான். உண்மையைச் சொன்னால், யாராவது தன்னை முகத்துக்கு நேரே நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் தேவலை என்றுதான் அவன் ஏங்கினான். அன்று வீட்டுக்குப் போனபோது சின்ன மகள் ஓடிவந்து தூக்கச் சொன்னாள். கை வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான். முதலில் காளீஸ்வரிக்கு நேரில் சொல்ல வேண்டும், பிறகு அறிக்கையை அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் கலந்து நின்ற தெருவில் அவள் வீடு. சகாயராணியும் கூட வந்தார். மாமியார் சீனியம்மாள் பிள்ளைக்குத் திருநீறு போட்டுவரப் போயிருந்தார். முனீஸ் லாரியோடு வடக்கே எங்கோ இருந்தான். காளீஸ்வரி மொட்டைக் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, உட்காருங்க என்றாள். சகாயராணி அவளுக்குக் கைகளை மாட்டிவிட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, விரலை அசைத்தும் பார்க்கவில்லை.

மாரீஸ்வரன் சொல்ல ஆரம்பித்தான். லைப்ரரி, பொட்டலம் எல்லாம் அவளுக்கு எதற்கு? வேறொருத்தர் கைக்குச் சொல்லி வைத்திருந்ததை இவள் கைக்கும் சேர்த்துச் சொல்லும்படி தான் செய்துவிட்டதை மட்டும் சொன்னான். இவள் கேட்டு வாங்கிய 'விடாதே' என்பதைத் தான் அழித்ததைச் சொன்னான். அதை எங்கேயும் மழுப்பவில்லை.

காளீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் கண்ணு அசரலையா?"

"இல்லம்மா. நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்க. கெட்டியாத்தான் பிடிச்சிருந்தீங்க."

அதைக் கேட்டதும் அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். சகாயராணி முதுகைத் தடவிக் கொடுத்தார். மாரீஸ்வரனுக்கும் கண் கலங்கியது. ஆனால் அதனுள்ளே ஒரு நிம்மதியும் எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதியை எண்ணி அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அழுது முடித்து, இயந்திரக் கையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குத்தான். இனி மேலிடத்துக்கு எழுதணும். உங்க அத்தை வந்ததும் நானே சொல்லிடறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு."

"சொல்லாதீக" என்றாள் காளீஸ்வரி.

அவனுக்கு விளங்கவில்லை. பயப்பட வேண்டாம், தான் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னான். அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"எம் மேல தப்புன்னா அத்தை வையும். பத்து நாள் வையும், ஒரு மாசம் வையும். அப்புறம் இடுப்பு கடுக்குது, இந்தா உம் பிள்ளையப் பிடின்னு குடுத்துரும். அசந்துபோற தாய் ஊருல இல்லாமலா இருக்கா? ஆனா கை மேல தப்புன்னு நீங்க சொல்லிட்டீகன்னா, அதோட முடிஞ்சது. இந்தக் கையில எம் பிள்ளைய யாரும் குடுக்க மாட்டாக. எம் புருசனும் குடுக்க மாட்டாரு. நீங்களே சொல்லுங்க சார். உங்க பிள்ளையா இருந்தா குடுப்பீகளா?"

மாரீஸ்வரன் வாயைத் திறந்தான். கை இப்போது சரியாக இருக்கிறது, இனி அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல அவனிடம் எல்லா ஆதாரமும் இருந்தது. ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. கேட்டதற்கு உண்மையான பதில் அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல முடியவில்லை.

"செய்யாத தப்பை நீங்க ஏம்மா சுமக்கணும்?" என்றான் கடைசியில்.

"பிள்ளையச் சுமக்கணும்ல" என்றாள் அவள்.

சகாயராணி மெதுவாக இடையில் புகுந்தார். இதே மாதிரி எண்ணை மாற்றாமல் உள்ளே மாற்றும் வழக்கம் மற்ற ஊர் மையங்களிலும் இருக்கிறது, அங்கேயும் ஒருவன் நாளைக்கு எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம், அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்றார். காளீஸ்வரி யோசித்தாள். சொல்லுங்கள், எல்லா ஊருக்கும் சொல்லுங்கள், ஆனால் அதில் என் பிள்ளை விழுந்தது வேண்டாம் என்றாள். டம்ளர் உடைந்ததை எழுதுங்கள், அது போதாதா என்று கேட்டாள்.

போதும். டம்ளர் உடைந்ததே போதும் என்பது மாரீஸ்வரனுக்குத் தெரியும். அதை வைத்தே முழு எச்சரிக்கையும் எழுதிவிடலாம். ஒரு பிள்ளையை மட்டும் அதிலிருந்து உருவிவிட வேண்டும். அது விதியை மீறுவது. அதைவிட, அவனுடைய தண்டனையையும் சேர்த்து உருவிவிடுவது. டம்ளர் உடைத்த எஞ்சினியரை யார் என்ன செய்வார்கள்? ஒரு வரியில் கண்டித்துவிட்டு, நாற்பது பேருக்குக் கை கொடுத்ததற்காகப் பாராட்டினாலும் பாராட்டுவார்கள். வசவு வாங்க வந்தவனை இந்தப் பெண் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப் பார்க்கிறாள். அவள் பக்கம் இருக்கும் நியாயத்தை அவனால் மறுக்கவும் முடியவில்லை. சரி என்று தலையாட்டினான். ஆட்டும்போதே, இதில் தனக்கும் வசதி இருக்கிறதே என்று மனசு குத்தியது. அந்தக் குத்தல் இனி எந்தக் காலத்திலும் போகாது என்றும் தோன்றியது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சீனியம்மாள் பிள்ளையோடு உள்ளே வந்தார். ஒல்லியான, வேகமான பெண்மணி. பிள்ளையின் தோளைச் சுற்றித் துணிக்கட்டு. நெற்றியில் திருநீற்றுக்குக் கீழே காயம் மஞ்சள் பாரித்திருந்தது. தாயைப் பார்த்ததும் பிள்ளை எம்பினான். சீனியம்மாள் அவனை அடக்கி இடுப்பில் இருத்திக்கொண்டு மருமகளின் கைகளைப் பார்த்தார்.

"மறுபடியும் மாட்டியாச்சா?" என்றவர், வந்தவர்கள் யாரென்று விளங்கியதும் குரலைத் தணித்து மாரீஸ்வரன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒளிக்காமச் சொல்லுங்க. பச்சப்பிள்ளை விஷயம். இந்தக் கையில ஏதும் கோளாறு உண்டா?"

அவன் காளீஸ்வரியைப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்தான்.

"இல்லம்மா. நல்லாச் சோதிச்சுப் பார்த்துட்டோம். கையில ஒரு கோளாறும் இல்ல."

அது இன்றைக்கு உண்மை. போன வாரத்துக்கு அது பொய். சீனியம்மாள் கேட்டது எந்த நாளைப் பற்றி என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"அதான பார்த்தேன்" என்றார் சீனியம்மாள். அவர் முகத்தில் கோபத்தோடு கோபமாக ஒரு ஆறுதலும் வந்தது. கையில் பழுது இல்லை என்பது அவருக்கும் வேண்டியிருந்தது. "கை என்ன பண்ணும்? இவளுக்குக் கவனம் பத்தாது. எங்கயோ பராக்குப் பார்த்துக்கிட்டுப் பிள்ளையப் போட்டுட்டா. நான் சொன்னா மாமியா வையுறான்னு நினைப்பா. நீங்க படிச்சவுக. நாலு புத்தி நீங்களே சொல்லிட்டுப் போங்க தம்பி. உங்க சொல்லுக்காச்சும் கட்டுப்படட்டும்."

சகாயராணி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். காளீஸ்வரி தலைநிமிர்ந்து மாரீஸ்வரனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள் என்று மட்டும் இருந்தது.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"பிள்ளையத் தூக்கும்போது நெனப்பெல்லாம் பிள்ளை மேலதான் இருக்கணும்மா" என்றான். "நீங்க கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இது நடந்திருக்காது. இனிமேலாவது பார்த்து நடந்துக்கோங்க."

"சரிங்க சார்" என்றாள் காளீஸ்வரி. "எந் தப்புதான். இனி தவறாது."

சீனியம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். மருமகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிள்ளையை அவள் கைகளில் கொடுத்தார்.